ஒரு மணிச் சோறு

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. மகன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிறகும், மகளைத் தேங்காப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த பிறகும் அவை சும்மா பூட்டிக் கிடந்தன. பிறகு கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு விட ஆரம்பித்தோம். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பிள்ளைகளின் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அவர்களுக்குப் பசிக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பு ஒரு நோன்பு மாதத்தில் உடைந்தது.

அந்த வருடம் மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் தூத்துக்குடிப் பக்கம். மூன்றாமவள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை, கணக்குப் பாடம், இரண்டாம் வருடம். அப்பா மாங்காய் மண்டியில் வேலை பார்க்கிறார், அம்மா இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவளுக்கு வலிப்பு உண்டு என்பதும், தினமும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை போட வேண்டும் என்பதும், ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்பதும் எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை, அவளுடைய அப்பாவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நோன்பு தொடங்கிப் பத்து நாள் கழிந்தபோது ஈஸ்டர் விடுமுறை வந்தது. அதோடு பரீட்சைக்குப் படிக்கவும் சேர்த்துக் கல்லூரியில் நீண்ட லீவு விட்டார்கள். தூத்துக்குடிப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பினார்கள். போவதற்கு முந்தின நாள் மூன்று பேருமாகத் திற்பரப்பு அருவிக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். இரண்டு பேர் தலை ஈரத்தோடு வந்தார்கள். இவள் மட்டும் காய்ந்த துணியோடு வந்தாள்.

"ஆன்ட்டி, கிருஷ்ணகிரிக்காரிக்குத் தண்ணியக் கண்டா பயம். படியில உக்காந்து எங்க செருப்புக்குக் காவல் இருந்தா," என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். தண்ணீருக்குள் வைத்து வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

அவள் ஊருக்குப் போகவில்லை. போக ஒரு நாள், வர ஒரு நாள், பரீட்சை பக்கத்தில் இருக்கிறது, இங்கேயே இருந்து படிக்கிறேன் என்றாள். சரி என்றேன். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. எப்போதும் அவர்கள் கல்லூரி மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். லீவில் மெஸ்ஸை மூடிவிட்டார்கள். எங்கள் தெருவிலோ நோன்பு மாதத்தில் பகலில் எந்தச் சாப்பாட்டுக் கடையும் திறப்பதில்லை.

"பகலுக்கு என்ன மக்கா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"பிரெட் வாங்கி வெச்சிக்கினேன் ஆன்ட்டி."

"நோம்பு தொறக்கும்போது கீழ வந்துரு. கஞ்சி குடிக்கலாம்."

முதல் நாள் வந்தாள். பள்ளிவாசலில் இருந்து வந்த கஞ்சி, நான் சுட்ட வடை, பாலில் காய்ச்சி உறைய வைத்த கடல்பாசி எல்லாம் வைத்தேன். கடல்பாசியை அவள் முன்பு பார்த்ததே இல்லை. விரலால் தட்டிப் பார்த்து, "ஆடுது ஆன்ட்டி," என்றாள். மறுநாளும் வந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை எங்களோடு சேர்ந்து தண்ணீர் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ குடி மக்கா, ஒனக்கென்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல அங்கிள். இன்னைக்கு நானும் இருந்தேன். காலையில இருந்து ஒண்ணும் சாப்டல."

எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் வீட்டுக்காரர் "மாஷா அல்லாஹ்" என்றார். யாரும் சொல்லாமல், தானாக, வேற்று மதத்துப் பிள்ளை எங்களுக்காக ஒரு பகல் முழுக்கப் பசித்திருந்தாளே என்று என் கண் நிறைந்துவிட்டது. அவள் தலையில் கை வைத்து துஆ செய்தேன். மறுநாள் அதிகாலையில், விடியலுக்கு முன் நாங்கள் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு, மாடிக்குப் போய் அவளையும் எழுப்பினேன். அவளும் தூக்கக் கலக்கத்தோடு வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அடுத்த வீட்டில் போய்ச் சொன்னேன். அங்கே இருப்பது என் வீட்டுக்காரரின் அக்காள். நான் மைனி என்று கூப்பிடுவேன். ஒரு செய்தி மைனியின் காதில் விழுந்தால் அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மைனி அதைத் தன் கடைசி மகளைக் குத்திக்காட்டப் பயன்படுத்திக்கொண்டார்.

"பாருட்டி, எங்கேயோ கெடக்க ஊரு பிள்ளை நாலு நோம்பு வச்சுட்டா. நீ உச்சைக்கே தல சுத்துதுன்னு சொல்லிட்டுப் படுக்க. வெக்கமா இல்லியா ஒனக்கு?"

தெருவில் உள்ளவர்கள் மாலையில் அவளுக்கென்று தட்டு தட்டாகப் பலகாரம் கொடுத்துவிட்டார்கள். நோன்பு வைக்கும் அந்தப் பிள்ளைக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கினாள். ஒரு நாள் இருந்து பார்க்கலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாளாம். நாங்கள் புகழ்ந்த புகழ்ச்சியில் அவளால் நிறுத்த முடியவில்லை. இதை அவள் பிறகுதான் சொன்னாள்.

காலை மாத்திரையை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். எட்டு மணிக்கு அவள் நோன்பாளி. சஹர் நேரத்தில் போடலாம் என்று நினைப்பாளாம். ஆனால் எங்கள் முன்னால் எடுத்துப் போட்டால் என்ன மாத்திரை என்று கேட்போம், மேலே போய்ப் போடுவோம் என்று போய், தூக்கத்தில் விழுந்துவிடுவாளாம். பிறகு எழுந்து, தவறிய மாத்திரையை எண்ணிப் பயந்து, ராத்திரிக்கு ஒன்று போடுகிறோமே போதும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வாளாம். ராத்திரியும் நெடுநேரம் படிப்பு. தூக்கமும் போச்சு.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, சஹருக்கு வந்தவள் கையில் இருந்த தட்டு திடீரென்று தெறித்து விழுந்தது. கை ஒரு வெட்டு வெட்டியது மாதிரி இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஸாரி ஆன்ட்டி... கை நழுவிடுச்சு."

"சாரமில்ல மக்கா," என்றேன். "நோம்பு அப்படித்தான். தளர்ச்சியா இரிக்கும். ரெண்டு நாளுல பழகிரும்."

அல்லாஹ் என் கண்ணுக்கு முன்னால் ஒரு அடையாளத்தைக் காட்டினான். நான் அதற்கு ஒரு ஆறுதல் சொல்லி மூடி வைத்தேன்.

பத்தாவது நாள், அஸர் தொழுதுவிட்டு நான் அடுக்களைக்கு வந்தேன். அவளும் உதவிக்கு வந்து தரையில் உட்கார்ந்து சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நான் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னமோ பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். கண் மேலே போயிருந்தது. அப்படியே சாய்ந்தாள். நான் காலால் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டேன். அந்த நேரத்தில் அப்படிச் செய்யத் தோன்றியது அல்லாஹ்வுடைய கிருபை. அவள் தலை விழுந்த இடத்துக்கும் அரிவாள்மணை இருந்த இடத்துக்கும் ஒரு சாண் இருக்காது.

என் சத்தத்தைக் கேட்டு மைனி ஓடி வந்தார். "அள்ளாவே! சாவிக் கொத்தை எடுட்டி, கையில குடு," என்று சொல்லி, தானே அலமாரிச் சாவியைப் பிடுங்கி அவள் கைக்குள் திணித்தார். நான் தண்ணீர் எடுத்து வாயில் விடப் போனேன். வெப்புராளத்தில் இரண்டு பேருக்கும் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த ஆட்டோக்காரர்தான், "தண்ணி விடாதீங்க, சரிச்சுப் படுக்க வையுங்க," என்று அதட்டினார். அதற்குள் கை கால் வெட்டி இழுத்தது நின்றுவிட்டது. அவள் மூச்சு கரகரவென்று வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். அவளைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன மாத்திரை சாப்பிடுறா?" என்று கேட்டார்.

"மாத்திரையா? நல்ல பிள்ளை டாக்டர். ஒரு சூக்கேடும் கெடையாது."

டாக்டர் நம்பவில்லை. அவளுடைய பையைக் கொண்டுவரச் சொன்னார். கடையில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்த என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் எடுத்துவந்தார். கணக்குக்கு வைத்திருக்கும் காம்பஸ் டப்பாவுக்குள், துணியில் சுற்றி, மாத்திரை அட்டைகள் இருந்தன. டாக்டர் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"இவ்வளவு நாள் நல்லா இருந்தது இந்த மாத்திரையாலதான்," என்றார். "ஏன் நிறுத்தினா?"

நான் சொன்னேன். நோன்பு என்று சொன்னேன். எங்களோடு சேர்ந்து அவளும் வைத்தாள் என்று சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு, ராத்திரி முழுத் தூக்கம், இந்த மூன்றும் தவறக் கூடாது என்றார். இனி வந்தால் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், சாவிக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை என்றார். பக்கத்தில் நின்ற மைனி சாவிக் கொத்தை முந்தானைக்குள் மறைத்தார்.

அங்கேயே அந்தி மஃரிப் பாங்கு கேட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நான் நோன்பு திறந்தேன். அவள் கண் விழித்தாள். கொஞ்ச நேரம் மலங்க மலங்கப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

"ஸாரி ஆன்ட்டி. உங்க நோன்பக் கெடுத்துட்டேன்."

நான் அழுதுவிட்டேன். கெடுத்தது யார்?

நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கே சுகர் இருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லி இரண்டு வருடமாக அவர் நோன்பு வைப்பதில்லை. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்துவிடுவார். ஆனால் பகல் ஒரு மணிக்குக் கடையில் இருந்து வந்து, வீட்டின் பின்பக்கம் அரிசி மூட்டை வைத்திருக்கும் சாய்ப்பு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார். எங்கள் வீடுகளில் அப்படித்தான். விலக்கு நாளில் பெண்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிடுவோம். பிள்ளை உண்டாகி இருப்பவள் யாரும் பார்க்காமல் சாப்பிடுவாள். அது நோன்புக்குச் செய்யும் மரியாதை. யாரும் அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த மரியாதையில் ஒரு காரியத்தை நாங்கள் யோசிக்கவில்லை. மாடியில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கு, இந்த வீட்டில் பகலில் யாருமே சாப்பிடுவதில்லை என்றுதானே தோன்றும்? சாப்பிடுகிறவர் கதவுக்குப் பின்னால் இருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவளுடைய அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி," என்று அவள் என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். "தெரிஞ்சா கூட்டிக்கினு போயிடுவாரு. அப்புறம் படிக்க விடமாட்டாரு."

நானும் பிள்ளை பெற்றவள். தேங்காப்பட்டணத்தில் என் மகளுக்கு ஒன்று என்றால் எனக்குச் சொல்லாமல் இருக்கலாமா? சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. அந்தப் பக்கம் மண்டியில் யாரோ விலை கூவுகிற சத்தம் கேட்டது.

"உங்க மேல தப்பு இல்லீங்கம்மா," என்றார். "நாங்க மறைச்சதுதாங்க தப்பு. சொன்னா யாருங்க ரூம் குடுப்பாங்க?"

முன்பே சொல்லியிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. கொடுத்திருப்பேன் என்று இப்போது எழுதுவது லேசு.

"சரக்கு வர ஆரம்பிச்சுட்டுதுங்க. இப்ப லீவு போட முடியாது. ஒரு வாரத்துல வந்து கூட்டிக்கினு போயிடறேன். படிச்சது போதும். உசுரு இருந்தா போதுங்க."

அவள் அதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அப்போது என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் சாய்ப்புக்குள்ள கதவச் சாத்திட்டு வயிறு முட்டத் திங்கேன். அந்தப் பிள்ளை எனக்க தலைக்கு மேல பட்டினி கெடந்திரிக்கா. இது என்ன வீடுட்டி?"

"அதுக்கு இப்பம் என்ன செய்ய?"

"இன்னைக்கு எனக்குச் சோத்த முன் ரூமு மேசையில வையி. அவளுக்கும் சேத்து வையி."

"ஆளுவ வருவாவ. பாத்தா என்ன நெனப்பாவ?"

"வரட்டும். சுகர்காரன் சோறு திங்கான்னு நெனப்பாவ."

முப்பது வருடமாக எங்கள் வீட்டில் நோன்பு மாதத்தில் நடுப்பகல் லுஹர் நேரத்தில் அடுப்புப் பற்றியதில்லை. அவருக்கு வேண்டியதைக்கூட நான் சஹருக்கே செய்து மூடி வைத்துவிடுவேன். அன்று பற்ற வைத்தேன். அயிலை மீன் பொரித்தேன். உப்புப் பார்க்க முடியாது, நான் நோன்பு. கைக் கணக்கில் போட்டேன். ஒரு மணிக்கு மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

அவள் வரமாட்டேன் என்றாள். "நீங்க பசியோட நின்னு சமைச்சு, நான் உக்காந்து சாப்டணுமா? நோன்பு வீட்டுல சாப்டறது மரியாதை இல்ல ஆன்ட்டி."

என் வீட்டுக்காரர் கீழே படிக்கட்டில் நின்று சத்தமாகச் சொன்னார்: "மக்கா, எறங்கி வா. ரெண்டு வருசமா அரிசி மூட்டைக்ககூட பேசிட்டுச் சாப்புடுகேன். அது ஒரு நாளாவது பதில் சொல்லணுமே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுது வீங்கின முகத்தோடு சிரித்துக்கொண்டே வந்தாள். உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டிருப்பாள், வாசலில் மைனி.

"ஏட்டி, நோம்பும் நாளுமா அயில பொரிக்க மணம் தெரு முக்குவரை வருது. யாரு வீட்டுலேன்னு தேடி..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் தம்பியைப் பார்த்து நின்றுவிட்டார். "லே, நீ இங்க இரிந்தா திங்க?"

"ஆமா லாத்தா. ஒக்காரு."

"நான் நோம்பாக்கும்!"

"தெரியும். சும்மா ஒக்காருன்னுதான் சொன்னேன். மீனு தரமாட்டேன்."

மைனி முறைத்தார். அந்தப் பிள்ளை தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் மைனியின் முகம் மாறியது. அவளுடைய பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ தின்னு பிள்ளே. எனக்க மூத்தவள உண்டாயிரிந்தப்ப நான் கோழிக்கூட்டுக்குப் பொறத்தால நின்னு பழங்கஞ்சி குடிச்சேன். கோழி எல்லாம் எனக்க வாயையே பாத்துட்டு நின்னுச்சு. அது ஒரு சாப்பாடா? நீ நல்லா இரிந்து தின்னு."

அவள் மீண்டும் சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "ஆன்ட்டி, மீன்ல உப்பு ஜாஸ்தி," என்றாள்.

"இத்தன வருசமா இந்த வீட்டுல நோம்புக்கு உப்புச் சரியா இரிந்ததே இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "சொல்ல ஆளு இல்லாம இரிந்துது."

அன்று முதல் அவள்தான் எங்கள் வீட்டில் உப்புப் பார்த்தாள். பகலில் நான் சமைக்கும் எல்லாவற்றையும், மாலையில் நோன்பு திறக்கும் பலகாரத்தையும் ஒரு ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவாள். நோன்பின் கடைசி நாட்களில் எங்கள் வீட்டு வடை நன்றாக இருந்ததாகத் தெருவில் சொன்னார்கள்.

சஹருக்கு நாங்கள் சத்தமில்லாமல் எழுந்தோம். அவளை எழுப்பவில்லை. காலை எட்டு மணிக்குத் தோசையோ இடியாப்பமோ கொடுத்து மாத்திரை போட வைத்தேன். காம்பஸ் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த அட்டைகளை எடுத்து, என் வீட்டுக்காரரின் சுகர் மாத்திரை வைக்கும் சில்வர் டப்பாவிலேயே ஒரு பக்கம் வைத்தேன். டப்பா சாப்பாட்டு மேசை மேலேயே இருந்தது. தூத்துக்குடிப் பிள்ளைகளிடமும் அவளே போனில் சொன்னாள். "அதுக்குத்தான் அருவியில எறங்கலியாட்டி? சொல்லித் தொலைச்சிருந்தா செருப்புக்குப் பதிலா ஒனக்கு நாங்க காவல் இருந்திருப்போமே," என்று அவர்கள் திட்டுவது எனக்குக் கேட்டது. ராத்திரி பத்து மணிக்குப் படிப்பை நிறுத்தச் சொன்னேன். முதல் இரண்டு நாள் சண்டை போட்டாள். அப்பா வரும் நாள் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. "எதுக்குப் படிக்கணும் ஆன்ட்டி, எப்படியும் எழுத விடமாட்டாரு," என்று ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகக் கேட்டேன். படிப்பைக் கொடு என்று கேட்பதா, உயிரைக் கொடு என்று கேட்பதா என்று குழம்பி, இரண்டையும் கேட்டேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அவளுடைய அப்பா வந்தார். ஒடிசலான மனிதர். கசங்கின வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு கோணிப் பை நிறைய மாங்காய். சரியாக ஒரு மணி. மேசையில் தட்டு வைத்திருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். மகளைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார்.

"உள்ள வாங்க. கை கழுவிட்டு வந்து சாப்பிடுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"சாப்ட்டேனுங்க."

"எங்க சாப்ட்டே?" என்று கேட்டாள் மகள்.

"வர்ற வழியிலம்மா."

"வழியில எங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"என்ன சாப்ட்டே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பரோட்டா."

"உனக்குத்தான் பரோட்டா ஆவாதே."

அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, அந்த மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்னார்: "நோன்பு வீட்டுக்கு வர்றோமேன்னுதாங்க. இங்க வந்து உக்காந்து சாப்டறது மரியாதை இல்லீங்களே."

மகள் என்னைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மூன்றாவது தட்டை எடுத்து வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "நோம்பு எனக்கு. ஒங்களுக்கு இல்ல. ஒக்காருங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். முதலில் கொறித்தார். பிறகு பசி தெரிந்தது. இரண்டாம் தடவை சோறு போட்டபோது தடுக்கவில்லை. "குழம்புல புளி கொஞ்சம் கம்மி, இல்லப்பா?" என்று மகள் கேட்டாள். "உப்பு மட்டும் சொல்லு, புளிக்கெல்லாம் வராத," என்றேன். அவர் தட்டைவிட்டு நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் சில்வர் டப்பாவைத் திறந்து தன் மாத்திரையை எடுத்தார். அதில் ஒரு பக்கம் மகளின் மாத்திரை அட்டைகள் இருப்பதை அவளுடைய அப்பா பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தினம் இரண்டாக வரிசையாகக் காலியாகியிருந்தது.

"இது இங்கதான் இருக்குங்களா? எல்லாரும் பாக்கற மாதிரி?"

"ஆமா," என்றேன். "இங்க இரிந்தாத்தான் போட்டாளா இல்லியான்னு தெரியும்."

"எங்க ஊட்டுல அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சிருப்போமுங்க. சொந்தக்காரங்க வந்தா இன்னும் உள்ள தள்ளிடுவேன்." அட்டையைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார். "நானும் அத அங்க வெச்சுத்தாங்க அவளுக்குப் பழக்குனேன்."

மகள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை எப்பம்மா?" என்று கேட்டார்.

"லீவு முடிஞ்ச மறுநாள்."

"படிச்சிட்டியா?"

"பாதி. நீ வந்து கூட்டிக்கினு போயிடுவேன்னு மீதிய விட்டுட்டேன்."

"மீதியையும் படி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதட்டுங்கம்மா. அப்புறமும் இருக்கட்டும். ஆனா, சாப்பாடு..."

"மெஸ்ஸு பூட்டினா இங்க. ஒரு மணிக்கு," என்றேன். "நோம்பானாலும் சரி, இல்லேன்னாலும் சரி."

அவர் அன்று மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார், மண்டியில் வேலை கிடந்தது. போகும்முன் மாத்திரைச் சீட்டை அவர்கள் ஊர் டாக்டரின் போன் நம்பரோடு என் கையில் தந்தார். அதை அடுக்களைச் சுவரில் காலண்டர் ஆணியிலேயே மாட்டினேன். இப்போதும் லீவு வருகிறது என்றால் நான் மாடிக்கு ஏறி, யார் ஊருக்குப் போகிறீர்கள், யார் இருக்கிறீர்கள், என்ன மாத்திரை, எப்போது சாப்பாடு என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறேன். சில பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

அந்தப் பெருநாளன்று எங்கள் முன் அறையில் உட்கார இடமில்லை. மகளும் மருமகனும் வந்திருந்தார்கள், தெருவில் உள்ளவர்கள் வந்து வந்து போனார்கள். மைனி பிரியாணிச் செம்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழையும்போதே, அத்தனை பேருக்கும் நடுவில் அடுக்களைப் பக்கம் பார்த்துக் கூவினார்.

"ஏட்டி கிருஷ்ணகிரிக்காரி, காலத்த மாத்திரையப் போட்டியா?"

நான் திடுக்கிட்டேன். இத்தனை ஆட்களுக்கு முன்னால் கேட்டுவிட்டாரே என்று அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் மாங்காய் ஊறுகாயில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பூனை வாயில் இருந்து எடுத்துவிட்டு, அதே அளவு சத்தத்தில் சொன்னாள்:

"போட்டுட்டேன் பெரியம்மா! எட்டு மணிக்கே!"